அக்கா எடுத்த பணம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளை எல்லோரும் ‘பிரேக் டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை அவள் மிதிக்காத நாள் கிடையாது. யாரையும் லேசில் நம்பமாட்டாள். அதனால் அக்கா வந்து, "இந்த வெப்சைட்ல கிரிப்டோ வாங்கிப் போட்டா நல்லாப் பெருகுதுடி" என்றபோதும் உடனே தலையாட்டிவிடவில்லை.

குடைகுடையென்று குடைந்து பார்த்தாள். கம்பெனி முகவரி இருந்தது, சிரித்த முகங்களோடு பாராட்டுகள் இருந்தன. அதெல்லாம் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தெரியும். சிறு தொகை போட்டுத் திரும்ப எடுத்துப் பார்த்தாள், மறுநாளே வந்துவிட்டது. அப்போதும் மனசு ஒப்பவில்லை. கடைசியாக அக்காவிடமே கேட்டாள்.

"நீ பெரிய தொகையா எடுத்துப் பாத்தியா?"

"எடுக்காமலா? வீட்டுல புது ஃப்ரிட்ஜ் எதுல வந்துச்சுன்னு நினைச்சே?"

அக்கா மருந்துக்கடை வைத்திருப்பவள். டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டால், சொந்தக் கொழுந்தனாக இருந்தாலும் வெளியே போகச் சொல்கிறவள். அவள் வாயால் கேட்ட பிறகு வேறென்ன வேண்டும்? தனக்கென்று ஒரு கார் வாங்கிச் சொந்தமாகப் பள்ளி தொடங்கச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் போட்டாள்.

திரையில் பணம் குட்டி போட்டுக்கொண்டே போனது. காரையும் பார்த்து வைத்துவிட்டு எடுக்கப் போனபோதுதான் வில்லங்கம் ஆரம்பித்தது. முதலில் வரியைத் தனியாகக் கட்டுங்கள், பிறகுதான் பணம் என்று பதில் வந்தது. என் பணத்திலேயே கழித்துக்கொள்ளுங்களேன் என்று கேட்டாள். முடியாதாம்.

வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு மருந்துக்கடைக்கு ஓடினாள். கடையில் வேறு ஆள் இல்லை. அக்கா மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் பணத்தை எடுக்க முடியலக்கா."

"வரி கட்டச் சொல்றாங்களா?"

கேட்டுவிட்டு அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நான் இன்னும் சொல்லவே இல்லையே. உனக்கு எப்படித் தெரியும்?"

அக்கா அட்டைகளை மறுபடி அடுக்கினாள்.

"உங்கிட்டயும் கேட்டாங்களா? எப்போ?"

"உன்னைச் சேர்க்கறதுக்கு முன்னாடியே. கட்டினேன்டி. அப்பவும் விடலை. புதுசா ஒரு ஆளைக் கொண்டுவந்தா மொத்தத்தையும் விட்டுடறோம்னாங்க. என்னோடது வந்ததும் உன்னையும் உடனே எடுக்கச் சொல்லிடலாம்னுதான்..."

"அந்த ஆளு நானா?"

"வேற யாரு என் பேச்சை நம்புவா?"

"அப்போ ஃப்ரிட்ஜ்?"

"தவணையில வாங்கினது."

அவளுக்கு அழுகை வரவில்லை. திருடன் எங்கேயோ இருக்கிறான். அவனுக்கு முகமும் கிடையாது, ஊரும் கிடையாது. அவனைத் திட்டக்கூட வழியில்லை. இவள் எதிரே நிற்கிறாள். சின்ன வயதில் தங்கையின் பென்சிலை எவன் எடுத்தாலும் சண்டைக்குப் போனவள்.

"மாமாவுக்குத் தெரிய வேண்டாம்டி" என்றாள் அக்கா, குரலே எழும்பாமல்.

"கடையைப் பூட்டு. போலீசுக்குப் போறோம்."

ஸ்டேஷனில் அக்கா தங்கை இருவரும் சொன்னதை அதிகாரி எழுதிக்கொண்டு, "உங்களை இதுல சேர்த்துவிட்டது யாரு?" என்று அவளைக் கேட்டார். அவள் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள்.

"இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"கூடப் பிறந்தவங்க."

அக்காவை அவள் அதுவரை ‘ங்க’ போட்டுப் பேசியதே இல்லை. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

பணம் வரவில்லை. வெப்சைட்டையே காணோம். மாமாவுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அவர் கையில் அக்கா மாதாமாதம் ஏதோ கொஞ்சம் கொடுத்தனுப்புகிறாள். வேண்டாம் என்று வீம்பு பண்ணும் நிலைமையில் இல்லாததால் அவளும் வாங்கிக்கொள்கிறாள்.

"ஒரு நடை வீட்டுக்கு வந்துட்டுப் போயேம்மா. உங்க அக்கா சரியா சாப்பிடறதே இல்ல" என்பார் மாமா.

"கிளாஸ் இருக்கு மாமா" என்பாள்.