பட்டிப்பொலவில் என்ன அலுவல்

"எத்தனை பேர்?" என்று கேட்டார் டிக்கெட் கொடுப்பவர்.

"ஒராள்."

"ஆருக்கம்மா?"

"எனக்குத்தான்."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் மரியநாயகியைப் பார்த்தார். யாழ்ப்பாணத்திலிருந்து பொல்காவலை. அங்கே இறங்கி இரவு தங்கி, மறுநாள் காலையில் மலையேறும் ரயிலில் பட்டிப்பொல. எல்லாவற்றையும் அவள் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். பட்டிப்பொல என்ற பெயரைக் கேட்டு அந்தக் கவுண்டருக்கு அதுவரை ஒருவரும் வந்ததில்லைப் போலிருந்தது. அதிலும் தை மாதத்தில்.

"உந்த ஸ்டேசனிலை ஒண்டுமில்லையம்மா. குளிர் மட்டும்தான் இருக்கு."

"அதுதான் வேணும். யன்னல் சீற்றாத் தாங்கோ. எந்தப் பக்கம் வடிவு?"

"வலப்பக்கம் எண்டு வெள்ளைக்காரர் கேக்கிறவை."

"அப்ப வலப்பக்கம். ரண்டு யன்னலுக்கு நடுவிலை தட்டி மறைக்கிற சீற்றைத் தள்ளிவிட்டிடாதேங்கோ. முழு யன்னலா இருக்கவேணும்."

"சீற் மீனில்லையம்மா, செவுளைத் தூக்கிப் பாத்து எடுக்கிறதுக்கு."

தன் தொழில் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. கைப்பையைத் திறந்தபோது வந்த மீன் வெடுக்கிலேயே தெரிந்திருக்கும்.

குருநகர்க் கரையில் விடியக்காலம் ஏலத்தில் மீன் எடுத்துச் சந்தையில் இருந்து விற்கிற தொழில். முப்பது வருஷம். புருஷன் யாகோப்பு இருந்தபோதும் அவள்தான் விற்றாள், அவன் செத்து ஏழு வருஷத்துக்குப் பிறகும் அவள்தான் விற்கிறாள். ஐஸுக்குள் கைவிட்டுக் கைவிட்டு அவளுடைய விரல்கள் நுனியில் வெளிறி, கீறல் விழுந்து, ஞாயிற்றுக்கிழமைகளில்கூட ஈரமாகவே தெரியும். குளிர் என்று அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மீனுக்கு ஐஸ் போடுகிற றெஜிபோம் பெட்டிக்குள் இருக்கும் குளிர்தான். மூடியைத் திறந்தால் மீன் வெடுக்கோடு மேலே வந்து, அரை நிமிஷத்தில் வெயிலுக்குள் காணாமற் போய்விடும். யாழ்ப்பாணத்து மார்கழிப் பனி அதைவிட மோசம். வெயில் பனை உயரத்துக்கு ஏறமுன் விற்றுத் தீர்ந்துவிடும் சரக்கு.

போன ஐப்பசியில் ஒருநாள் ஐஸ் லொறி பிந்தி வந்தது. வாய்க்கு வந்தபடி ஏசினாள். லொறிக்காரன் றஜிந்தன் அவளைச் சமாளிக்கத் தன் போனை நீட்டினான். "அக்கா, உதைப் பாருங்கோ. இவ்வளவு ஐஸும் அங்கை சும்மா கிடக்கு." மலையைக் குடைந்த இருட்டிலிருந்து ஒரு ரயில் வெளியே வந்தது. வந்த உடனே வெள்ளைப் பனிப்புகார் யன்னல் வழியாக உள்ளே ஏறியது. கதவோரம் நின்ற ஒரு மனுசி கையை வெளியே நீட்டி, விரல்களை விரித்து, அப்படியே வைத்திருந்தாள். அவ்வளவுதான் வீடியோ. மரியநாயகி அதைப் பதினொரு தடவை பார்த்தாள். அதற்குள் விளைமீன் நாலைப் பூனை கொண்டுபோயிற்று.

அந்த மனுசிக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை என்பதுதான் அவளை உலுப்பியது. மரியநாயகி மடுத் திருவிழாவுக்கு இருபத்தாறு தடவை போயிருக்கிறாள். அங்கே அவள் பார்த்தது பானையின் அடியைத்தான். அரிசி எத்தனை கொத்து, கறிக்குத் தேங்காய் காணுமா, பிள்ளைகள் எல்லாரும் லொறியில் ஏறியாயிற்றா, ஒன்று குறைகிறதே, அது எங்கே. கூட்டத்தோடு போகிறவர்களில் ஒருவர் மற்றவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் போனால் அந்த ஒருவர் எப்போதும் அவள்தான். தொழிலில் இருக்கிறபோது முப்பது வருஷமாக ஆயிரம் வாய்கள் அவளைக் கூப்பிட்டிருக்கின்றன. ஒரு பகல் பொழுதுக்கு ஒருவரும் கூப்பிடாமல் யன்னலோரம் இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஐம்பத்தாறு வயதில் அவள் கேட்ட விலை அது. கூடிப்போனதென்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஆனால் குருநகரில் ஒரு மனுசி தனியாக ரயில் ஏறுவதென்றால் மூன்று காரணங்கள்தான் செல்லுபடியாகும்: ஆஸ்பத்திரி, எம்பசி, கோயில். "சும்மா" என்பதை அங்கே ஒரு கடையிலும் வாங்கமாட்டார்கள்.

டிக்கெட் எடுத்த அன்றைக்குப் பின்னேரமே மகள் ஜெசிதா தாயின் கிளினிக் கொப்பியை எடுத்து ஒற்றை ஒற்றையாகப் புரட்டினாள். "அம்மா, மறைக்காமச் சொல்லுங்கோ. கட்டி ஏதும் வந்திட்டுதோ?"

"கட்டியுமில்லை குட்டியுமில்லை. பாத்திட்டு வரப்போறன்."

"என்னத்தை?"

"குளிரை."

மருமகன் கொலின்ஸ் வேறு பக்கத்தால் வந்தான். மாமி காணி ஏதும் விற்கப் போகிறாவா என்று முதலில் சுற்றிவளைத்துக் கேட்டான். பிறகு, "மாமி, நாளைக்குச் சனம் ஒண்டு கதைச்சால் எங்களுக்குத்தான் வெக்கம்" என்றான். சனம் அதற்குள் கதைக்கத் தொடங்கியிருந்தது. பக்கத்துக் கடை றெஜினா பாரை மீனை வெட்டியபடி, "ஆரக்கா மலைநாட்டிலை இருக்கிறார்?" என்று கேட்டாள். கேட்ட விதத்தில் அந்த "ஆர்" ஒரு மீசையும் வைத்திருந்தார்.

விலை படியாத இடத்தில் ஏதாவது ஒன்றைப் போட்டுக் கொடுத்து அலுவலை முடிப்பது வியாபாரிகளின் பழக்கம். மரியநாயகியும் அதைத்தான் செய்தாள். கத்தியைக் கீழே வைக்காமலே, "நேர்த்தியடி. மலையிலை ஒரு மாதா கோயில் இருக்கு. அங்கை போறதெண்டு நேந்தனான்" என்றாள்.

முப்பது வருஷத்தில் அவள் செய்த மிக மோசமான வியாபாரம் அது. பொய் நேர்த்தி என்று நெஞ்சில் ஒரு முள் குத்தியது ஒரு பக்கம். மறுபக்கம், தனியாகப் போவதற்குச் சொன்ன காரணமே தனியாகப் போகவிடாத காரணமாயிற்று. தனக்கென்று நேர்ந்ததற்குத் தனியாகப் போகிற வழக்கம் குருநகரில் இல்லை. ஞாயிறு பூசை முடிந்து வாசலுக்கு வருமுன் ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை பதின்மூன்று. றெஜினா தன் தாயையும் சேர்த்துக்கொண்டாள். கொலின்ஸ் மலர்ந்த முகத்தோடு வந்தான்.

"மாமி, வான் பேசிட்டன். ஏசி வான். றெயினை விடுங்கோ. வழியிலை ரண்டு பானையும் அடுப்பும் வைச்சால் சமைச்சுச் சாப்பிட்டுக்கொண்டு போகலாம்."

பானை என்ற சொல்லைக் கேட்டதும் மரியநாயகிக்கு மடுத் திருவிழா நினைவுக்கு வந்தது. அன்றிரவு அவள் நித்திரை கொள்ளவில்லை. விடியும்போது தெளிவாக இருந்தாள். வாங்க வந்தவனை விரட்டுவது அவளுக்குத் தெரியாத வித்தையா? இல்லை என்று சொல்லக்கூடாது. ஓம் என்று சொல்லி, விலையை ஏற்ற வேண்டும்.

"எல்லாரும் வாங்கோ, சந்தோசம்" என்றாள். "ஆனால் நேர்த்தி எண்டால் நேர்த்திதான். வானிலை இல்லை, றெயினிலை. மூண்டாம் வகுப்பு. போகேக்கையும் வரேக்கையும் மச்சமில்லை, மரக்கறிதான். போன் இல்லை. ஏறினதிலையிருந்து இறங்கிறவரைக்கும் வாய் திறந்து ஒரு கதை கதைக்கக்கூடாது."

போனுக்கு இளசுகள் நாலு பேர் அன்றே விழுந்தார்கள். மச்சத்துக்குக் கொலின்ஸ். பெரிய வெள்ளி ஒருநாள் மச்சத்தை விடுவதற்கே நொந்துபோகிறவன் அவன். மற்றவர்களை மௌனம் தின்றது. றெஜினா ஒரு கிழமை யோசித்துவிட்டு, "மாதாவே கேட்டாலும் உது ஏலாதக்கா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். பயணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் பட்டியலில் ஒரேயொரு பெயர்தான் மிச்சம். லூர்த்தம்மா.

லூர்த்தம்மா யாகோப்பின் மூத்த தமக்கை. அறுபத்தெட்டு வயது. முழங்கால் இரண்டும் ஏலாது. சந்தை வாசலிலிருந்து மரியநாயகியின் கடைக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறவள், அன்றைக்குக் காலையில் முழங்கை நீளத்தில் ஒரு மெழுகுதிரியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"நாயகி, நான் வாறன். கதைக்கமாட்டன். ஆரோடை கதைக்க இருக்கு எனக்கு." ஐஸ் பெட்டியின் மூடிமேல் உட்கார்ந்து பேப்பரை விரித்தாள். "ஜெரிசன்ரை கேசை ரண்டாந்தரமும் ஏலாதெண்டு தள்ளிப்போட்டாங்களாம். இனி ஒரு அப்பீல்தான் இருக்காம். நீ நேந்த கோயிலிலை நானும் இதைக் கொளுத்தினால் சரிவரும் எண்டு மனசு சொல்லுது."

ஜெரிசன் அவளுடைய ஒரே மகன். கனடாவுக்குப் போய் ஆறு வருஷம். அகதி விண்ணப்பம் இன்னும் இழுபடுகிறது.

மரியநாயகி அந்த மெழுகுதிரியைப் பார்த்தாள். அத்தனை பேரை விரட்டிய கெட்டித்தனம் எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயிற்று. கூட்டிக்கொண்டு போகலாம். ஏதாவது ஒரு ஸ்டேஷனில் இறங்கி, ஏதாவது ஒரு கோயிலைக் காட்டலாம். மலையில் மாதா கோயிலுக்கா பஞ்சம்? மச்சாள் நம்புவாள். வாழ்நாள் முழுக்க நம்புவாள். கெட்டுப்போன மீனை மரியநாயகி எத்தனையோ பேருக்கு விற்றிருக்கிறாள், இல்லையென்று சொல்லமாட்டாள். ஆனால் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்க்கக்கூடியவராக இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுகிறவருக்கு அவள் ஒருநாளும் விற்றதில்லை.

"மச்சாள்," என்றாள். "நேர்த்தி ஒண்டுமில்லை."

"என்ன?"

"கோயிலுமில்லை. நான் சொன்னது பொய். இவையள் விடமாட்டினம் எண்டு சொன்னனான்."

லூர்த்தம்மா மெழுகுதிரியை மடியில் வைத்தாள். "அப்ப என்னத்துக்குப் போறாய்?"

"சும்மா."

"சும்மாவோ?"

"ஓம் மச்சாள். சும்மா. யன்னலுக்குள்ளாலை பாக்க."

லூர்த்தம்மா மெழுகுதிரியைத் திரும்பப் பேப்பரில் சுற்றினாள். மூடியைப் பிடித்து எழும்பினாள். மூன்று இடத்தில் நின்று நின்று, வாசலைத் தாண்டிப் போனாள்.

அதற்குப் பிறகு ஒன்பது நாளும் அவள் கதைக்கவில்லை. மரியநாயகி குழம்பு மீன் கொடுத்து விட்டாள். சட்டி கழுவித் திரும்பி வந்தது, சொல் ஒன்றும் வரவில்லை. ஊருக்குள்ளும் கதை பரவவில்லை. பரவியிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று மரியநாயகி நினைத்தாள். ஏசுகிற வாயை எதிர்த்துப் பேசலாம். டிக்கெட்டைத் தலையணைக்குக் கீழிருந்து இரண்டு தரம் எடுத்தாள். கிழிக்கவும் மனம் வரவில்லை, திருப்பி வைக்கவும் கை கூசியது. மெழுகுதிரி கொண்டு வந்த ஒருத்தியைத் திருப்பி அனுப்பிவிட்டு யன்னலால் எதைப் பார்ப்பது?

பயணத்துக்கு முதல்நாள் மத்தியானம், கடையைக் கழுவி ஊற்றிக்கொண்டிருந்தபோது லூர்த்தம்மா வந்தாள். கையில் ஒரு பெரிய பொலித்தீன் பை. பாச்சை உருண்டை மணம் மீன் மணத்தையும் மீறி அடித்தது.

"மெழுகுதிரியை நான் இஞ்சையே கொளுத்திப்போட்டன்" என்றாள். "எங்கடை மாதாவுக்குக் கண் தெரியாதே?"

பைக்குள்ளிருந்து ஒரு கோட்டை இழுத்தாள். தடித்த, கறுப்பு, முழங்கால் வரை வருகிற கோட். குருநகரில் கனடாப் பெட்டி வந்த எந்த வீட்டு அலுமாரியிலும் இப்படி ஒன்று தொங்கும். "இது ஜெரிசன்ரை. ரைஸ் குக்கர் நெளியாமல் இருக்கச் சுத்தி அனுப்பினவன். என்ரை மனுசன் சிமியோன் ஒருக்காப் போட்டுப் படம் எடுத்தவர். வேர்த்து விழப்பாத்தார்."

மரியநாயகி ஈரக்கையைச் சட்டையில் துடைத்தாள். வாங்கவில்லை.

"அவனைக் குளிரோடா எண்டு கேட்டால், பரவாயில்லையம்மா எண்டுவான். ஆறு வருசமாப் பரவாயில்லை." லூர்த்தம்மா கோட்டின் காலரை ஒருமுறை நீவி விட்டாள். "நீ போய் இதைப் போட்டுக்கொண்டு அந்தக் குளிருக்குள்ளை நில்லு. இந்தக் கோட் குளிருக்குக் காணுமோ, காணாதோ எண்டு எனக்கு வந்து சொல்லு. எனக்குப் பொய் சொல்லாதை."

"மச்சாள், நீங்களும் வாங்கோவன்."

"எனக்கு விசரே? சும்மா போறவளோடை நான் என்னத்துக்கு?" என்றாள் லூர்த்தம்மா. சொல்லும்போது வாயின் ஒரு மூலை மட்டும் கொஞ்சம் அசைந்தது.

மறுநாள் ரயில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டும்போது வெயில் நன்றாக ஏறிவிட்டது. யன்னல் முழு யன்னலாகத்தான் இருந்தது. கோட் அவள் மடியில் ஒரு பிள்ளையைப் போலக் கனத்துக் கிடந்தது. முன்சீற்றில் சாவகச்சேரிக்குப் போகிற ஒரு தம்பதி அதையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்கள். கடைசியில் அந்த அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"எங்கை போறியள்?"

"பட்டிப்பொலவுக்கு."

"அங்கை என்ன அலுவல்?"

மரியநாயகி வாயைத் திறந்தாள். நேற்று மத்தியானம்வரை அதற்கு அவளிடம் "சும்மா" என்று ஒரு மறுமொழி இருந்தது. இப்போது அது சரியா என்று தெரியவில்லை. மூடிக்கொண்டு சிரித்தாள். ஊமை என்று நினைத்திருப்பார்கள். சாவகச்சேரியில் இறங்கும்போது அந்த அம்மா அவள் தோளை இரக்கத்தோடு தொட்டுவிட்டுப் போனாள்.

பளை தாண்டியதும் பெட்டி பாதி காலியாயிற்று. கோட்டின் பைகளைத் துழாவினாள். வலப்பக்கத்தில் ஒன்றுமில்லை. இடப்பக்கத்தில் ஒரு கையுறை, கம்பளி, இடக்கைக்கு உரியது. பெருவிரல் நுனி தேய்ந்து நூல் விட்டிருந்தது. மற்றது அவனிடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்காவது பனிக்குள் விழுந்திருக்கும். போட்டுப் பார்த்தாள். பெரிதாக இருந்தது.

ஆனையிறவு வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் விரிந்து, வாடைக் காற்று யன்னலுக்குள் நேராக அடித்தது. மலை இன்னும் ஒரு பகல் தூரம். மரியநாயகி எழும்பிப் போய்க் கதவோரம் நின்றாள். கம்பியை முழங்கையால் கோத்துக்கொண்டு, கையுறை போட்ட கையையும் வெறுங்கையையும் ஒன்றாக வெளியே நீட்டினாள். இரண்டு மீனைத் தூக்கி எது கனம் என்று பார்ப்பதைப் போல, கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் அப்படியே வைத்திருந்தாள்.