காய்ச்சல் விட்ட அன்று

கசாயம் என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் நஃபீஸத் தலையை நிமிர்த்தினாள். பெண்கள் மதரஸாவின் கூடத்தில், டெங்கு விழிப்புணர்வு நிகழ்ச்சிக்கு என்னென்ன வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சுகாதார ஆய்வாளர் பாலசுப்பிரமணியன் நாடகத்தின் கதையைச் சொன்னார். காய்ச்சலில் கிடக்கும் மகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே கசாயம் வைத்துக் கொடுக்கிறாள் ஒரு தாய். பிள்ளை பிழைக்காமல் மௌத்தாகிவிடுகிறது. முடிவில் நஃபீஸத் மேடையேறி, அந்தத் தாய் நான்தான் என்று சொல்ல வேண்டும்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன் சார். மொத நாளே போனேன். மாத்திர தந்து அனுப்பிட்டாங்க. காய்ச்சலும் விட்டுட்டு. அதுக்குப் பொறவுதான்..."

"தெரியும்மா. ஆனா அதச் சொன்னா, ஆஸ்பத்திரிக்குப் போயும் பொழைக்கலியேன்னு ஒருத்தியும் வரமாட்டா."

அவர் கெட்டவரில்லை. கூப்பிடு தூரத்தில் ஆறு ஓடியும் குழாயில் தண்ணீர் எப்போதாவது வருகிற தெருவில், பிடித்துவைத்த தண்ணீரில் கொசு வளரும் என்று டிரம்மைக் கவிழ்க்கச் சொல்லி வீடு வீடாக வசவு வாங்குகிறவர். அதனாலேயே அவர்மேல் கோபப்படவும் வரவில்லை. அவள் ஜுபைதா மாமியைப் பார்த்தாள். பெண்களுக்கு மார்க்கப் பயான் சொல்கிற மாமி தனக்காக வாய் திறந்தால் போதும்.

போன மழைக்காலத்தில், ஆறு வயது மகன் அனஸுக்குக் காய்ச்சல் விட்ட அன்று காலையில், அவனுக்காக நேர்ந்திருந்த நேர்ச்சைச் சீனியை ஓதி வாங்க அவள் மாமியிடம்தான் போனாள். ஓதி முடித்து ஒரு சிட்டிகையை வாயில் போட்டுக்கொண்டு, "இனி பயமில்லட்டி" என்றதும் மாமிதான். தெருவே அந்தச் சீனியைத் தின்றது. அனஸும் நாக்கில் வைத்துச் சப்பிவிட்டுப் படுத்தான். களைப்பு, உறங்கட்டும் என்று விட்டுவிட்டாள். சாயங்காலம் அஸர் பாங்கு சொன்னபோதுதான் எழுப்பப் போனாள்.

"நல்ல காரியத்துக்குத்தானட்டி," என்றாள் மாமி, விரித்திருந்த பாயின் கோரையைப் பிய்த்தபடி. "நாலு பிள்ளை பொழைச்சா அந்த நன்மை ஒனக்குத்தான."

கசாயம் கொடுத்தவளாகவே இருந்துவிட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்தத் தாய்க்காவது, ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிள்ளை பிழைத்திருப்பான் என்று நினைத்து அழ ஒரு வழி இருக்கிறது. சொன்னதையெல்லாம் செய்தவள் எதைப் பிடித்துக்கொண்டு அழுவாள்?

"நான் பேசல மாமி."

யாரும் வற்புறுத்தவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. "அவங்க பேசாட்டா பரவால்ல, நாடகம் இருக்கட்டும்," என்றார் பாலசுப்பிரமணியன். மாமி தலையாட்டினாள். பின்னாலிருந்து ஒருத்தி, "கசாயத்துக்கு மொளகு யாரு வீட்டுலட்டி எடுக்க?" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். நஃபீஸத் இருப்பது நினைவுக்கு வர, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

தாயாக நடிக்க, கல்லூரியில் படிக்கும் முஃபீதா எழுந்து வந்தாள். ஒரு தலையணையைப் போர்வையில் சுற்றிப் பாயில் கிடத்தினார்கள். கசாயம் கொடுத்ததும் காய்ச்சல் இறங்கிவிட்டதாகத் தாய் நம்ப வேண்டும். முஃபீதா தலைமாட்டில் உட்கார்ந்து, நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்துச் சிரித்தாள். "சூடே இல்ல. அல்ஹம்துலில்லாஹ்."

எப்போது எழுந்தோம் என்று நஃபீஸத்துக்குத் தெரியவில்லை. பாய்க்கு அருகில் நின்றாள்.

"அங்கன இல்ல முஃபீதா. காலத் தொட்டுப் பாரு. காய்ச்சல் விட்ட பொறவு மொதல்ல காலுதான் குளுரும்."

பாலசுப்பிரமணியன் மாமியைப் பார்த்தார். மாமி குனிந்திருந்தாள். தலையணைக்குக் கால் எங்கே இருக்கும் என்று தெரியாமல், முஃபீதாவின் கை போர்வையின் மேல் பையத் தடவிக்கொண்டே கீழே இறங்கியது.