எலும்பு ஏலம்

திருவொற்றியூர் சமூகக் கூடத்தில் பொது அறிவுப் போட்டி. ஒரே குடும்பத்து இருவர் ஓர் அணி; கடைசியாகச் சொல்லும் பதில்தான் செல்லும். இந்த விதியைப் போட்டவன் நாசமாகப் போக என்று உதயா மனதாரச் சபித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஜோடி கோவிந்தம்மா அத்தை, காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவள்.

"ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?"

"மூணு," என்றான் உதயா.

"நாலு," என்றாள் அத்தை. போச்சு.

"இன்னாத்துக்கு அத்தே ஏத்துனே?"

"ஒரு நம்பர் காதுல வுய்ந்தா மேல ஒண்ணு கூவாம என்னால குந்த முடியாதுடா."

எதிரணியில் தண்டையார்பேட்டை மளிகை மொத்த வியாபாரி தவசிமுத்து அண்ணாச்சியும் அவர் மகள் ஜெனியும். களத்தில் ஒரு கபடி அணிக்கு ஏழு பேர் என்று ஜெனி சரியாகச் சொன்னாள். "ஏழு சாஸ்தி, ஆறரைன்னு போடுங்க," என்றார் அண்ணாச்சி.

இப்படியே இரண்டு அணியும் பூஜ்யத்தில் வந்து நின்றன. கடைசிக் கேள்வி இரண்டு அணிக்கும் பொது. வளர்ந்த மனிதனுக்கு எத்தனை எலும்பு?

"இருநூத்தி ஆறு," என்று உதயாவும் ஜெனியும் ஒரே மூச்சில் கத்திவிட்டு, பெரியவர்களின் வாயைப் பொத்தப் பாய்ந்தார்கள். அதற்குள் அத்தை ஆரம்பித்துவிட்டாள்.

"இருநூத்திப் பத்து."

"நூத்தித் தொண்ணூறு. அதுக்கு மேல கட்டாதும்மா," என்றார் அண்ணாச்சி.

"உனக்கோசரம் இருநூத்தி அஞ்சு."

"இருநூறுக்கு முடிச்சிருவோம்."

"சர்தான், எடுத்துக்க."

கூடம் கைதட்டியது. போட்டி நடத்தியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சரியான விடை இருநூற்று ஆறு என்றார்.

அத்தையும் அண்ணாச்சியும் ஒன்றாக அவர் பக்கம் திரும்பினார்கள்.

"கடைசியா எவ்ளோப்பா?" என்றாள் கோவிந்தம்மா.