ஜன்னலோரச் சீட்டு

தமிழரசியையும் குழந்தையையும் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் விசாரித்தது ஹெலிகாப்டரைத்தான்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. கப்பல் டிக்கெட்டுக்கே கவுன்டரில் முட்டி மோதுகிற தீவுகள். ஹெலிகாப்டர் சீட்டுக்கு எழுதிப் போட்டு, பேர் வராமல் திரும்பியவர் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். அப்படியிருக்க, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்திலிருந்து ஒருத்தி பிரசவ வலியோடு கிளம்பி நேராகப் போர்ட் பிளேரில் வந்து இறங்கினால் வயிறு எரியாதா?

"யார் சிபாரிசும்மா?" என்று ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

ரத்தப்போக்கு என்று சொல்ல வாய் வரை வந்தது. தமிழரசி சிரித்து வைத்தாள்.

போர்ட் பிளேரின் டெலானிபூரில் நாத்தனார் விஜயகுமாரியின் குவார்ட்டர்ஸில், முன்னறைக் கட்டிலில் படுத்திருந்தாள் அவள். நோயாளியோடு ஒருவர்தான் ஏறலாம் என்றதும், கணவன் முருகானந்தம் பையை எடுப்பதற்குள் மாமியார் ஒச்சம்மா ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவன் பின்னால் கப்பலில் வந்து சேர்ந்தான். ஆகவே பயணக் கதை சொல்லும் உரிமை ஒச்சம்மாவுக்கு மட்டுமே.

"ஏறினதும் ஜன்னல். கீழ பாத்தா கடலு, மயில்கழுத்துச் சேலையை விரிச்சுப் போட்டாப்புல. ஒரு டால்பின் துள்ளுது பாரு!"

வாரக் கடைசியில் அந்த டால்பின் குடும்பத்தோடு துள்ளியது. கதையில் தமிழரசியும் உண்டு; "இவ பின்னால படுத்திருந்தா." லக்கேஜ் மாதிரி.

அவளுக்கு ஞாபகம் இருந்தது வேறு. தரையோடு தரையாக ஸ்ட்ரெச்சர். கூரையில் கிடுகிடுவென ஆடிய ஒரு திருகாணி. தொடைகளுக்கிடையே சூடாக ஓடியது, பாதத்திலிருந்து மேலேறிய குளிர். போகிறேன், இதோ போய்க்கொண்டிருக்கிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. "அத்தை!" என்று கத்தினாள். பிறகு கண் விழித்தபோது வயிற்றில் தையல், பக்கத்தில் ஒரு துணிமூட்டை. கப்பல்துறையில் யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன பையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தாள். இன்னும் அப்படித்தான் பார்க்கிறாள்.

முருகானந்தத்திடம் சொல்லிப் பார்த்தாள்.

"அதான் தாயும் சேயும் நலம்னு டாக்டரே சொல்லிட்டாரே" என்றான். அந்த வாக்கியத்துக்குப் பிறகு அழுவது டாக்டரை அவமதிப்பதாகும்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். தான் செத்துக்கொண்டிருந்ததை யாராவது பார்த்தார்களா என்று தெரிய வேண்டும். பார்த்திருக்கக்கூடிய ஒரே ஆள் டால்பின் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

அன்று மாலை பக்கத்து குவார்ட்டர்ஸ் ஹரிஹரன் வந்தார். ஒச்சம்மா மயில்கழுத்துச் சேலையை விரித்தாள். டால்பின் துள்ளுவதற்குள் தமிழரசி குறுக்கிட்டாள்.

"அத்தை, நான் கூப்பிட்டேனே. கேட்டுச்சா?"

ஒச்சம்மாவின் கை அப்படியே நின்றது.

"அரே, அந்தச் சத்தத்துல எப்படிம்மா கேக்கும்?" என்றார் ஹரிஹரன். "காதுக்குப் பஞ்சு தருவாங்களே, தரலையா?"

விஜயகுமாரி அவசரமாக முறுக்கு கொண்டுவந்தாள்.

அவர் போனபின் ஒச்சம்மா குழந்தைத் துணிகளை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"கேட்டுச்சு" என்றாள்.

தமிழரசி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"திரும்பல. திரும்பிப் பாத்தா நீ போயிருப்பியோன்னு கண்ண மூடிக்கிட்டேன். எறங்குற வரைக்கும் தொறக்கவே இல்லடி."

"அப்ப கடலு?"

"கடலு எப்பவும் அந்தக் கலருதானே."

"டால்பின்?"

ஒச்சம்மா சுவரைக் காட்டினாள். மகள் வீட்டுக் காலண்டரில் இரண்டு டால்பின்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

தமிழரசிக்குச் சிரிப்பு பீறிட்டது. தையல் சுரீரென இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அடுப்படியிலிருந்து விஜயகுமாரி ஓடிவந்தாள்.

"ஐயோ, தையல் பிரிஞ்சிரும்! அண்ணி சொல்றேன், அழாத. என்னாச்சும்மா இவளுக்கு?"

"சாகக் கெடந்து பொழச்சிருக்கா. அழட்டும், நீ போ" என்றாள் ஒச்சம்மா.

மறுநாள் ஷாதிபூரிலிருந்து ஒரு தூரத்துச் சொந்தக்காரி வந்தாள். உட்காருமுன்பே கேட்டாள்: "ஜன்னல் சீட்டாக்கா?"

ஒச்சம்மா வாயைத் திறந்தாள். மருமகளை ஒரு தரம் பார்த்தாள்.

"எனக்கென்ன தெரியும்? பயத்துல கண்ணத் தொறக்கல."

வந்தவளின் முகம் கப்பல் ரத்தானதுபோல ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் குழந்தையைக் குனிந்து பார்த்தாள்.

"பொண்ணா? யார் ஜாடை?"

தமிழரசியும் எட்டிப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கி, உலகத்தில் ஒன்றையும் பார்ப்பதில்லை என்பதுபோல் அது கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தது.

"அத்தை ஜாடைதான்" என்று அதைத் தூக்கிக்கொண்டாள்.