கோணல் கட்டில்

வாத்தியாருக்குப் பேச்சு போய்விட்டது. பள்ளிக்கூடமே நடுங்கும் டிராயிங் வாத்தியார். மூளையில் ஓர் அடைப்பு வந்து, வலது கையும் காலும் விழுந்து, வாயில் ஒரு வார்த்தை மிச்சமில்லை. எழுதிக் காட்டினால் எழுத்து புரியவில்லை. தலையாட்டுவதை நம்பினால் அதோகதிதான். தண்ணீர் வேண்டாம் என்று ஆட்டிவிட்டு மடக் மடக்கென்று குடிப்பார். படம் மட்டும் புரிந்தது. மனைவிக்கோ ஒரு பூசணிக்காய்கூட உருண்டையாக வராது.

கொழுந்தன் கெட்டவன் இல்லை, அதுதான் சங்கடம். “அண்ணனுக்கு ஒண்ணும் தெரியல அண்ணி. இந்த மாதிரி ஆளுங்களை வச்சுப் பாத்துக்கற நல்ல இல்லம் ஒண்ணு பாத்திருக்கேன். இப்படியே போனா உங்க முதுகு போயிடும்” என்றான்.

முதுகு ஏற்கெனவே போய்விட்டது. போன வாரம் குளியலறையில் அவரைத் தூக்கப் போய் இரண்டு பேருமாக விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர் வரும்வரை ஈரத்தில் கிடந்தார்கள். அதைச் சொல்வாளா அவள்? “அவருக்கு எல்லாம் தெரியும் தம்பி. போறேன்னு அவரே காட்டட்டும், அனுப்பி வைக்கிறேன். அதுவரைக்கும் இந்தப் பேச்சே வேண்டாம்.”

“சரி அண்ணி, கேட்டு வைங்க. ஞாயித்துக்கிழமை வர்றேன்.”

அன்றைக்கே ஓர் அறை, ஒரு கட்டில், கட்டிலில் அவர் என்று வரைந்து நீட்டினாள். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இடது கையால் சிவப்புப் பென்சிலை எடுத்து, கட்டில் காலைத் திருத்தினார்.

“உங்களையே அனுப்பணும்ங்கறாங்க, நீங்க கட்டில் காலைப் பாக்குறீங்களா!” என்று கத்திவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள். அழுது முடித்துத் தாளைப் பார்த்தபோதுதான் விளங்கியது. மேலிருந்து பார்த்த பலகைக்குப் பக்கத்திலிருந்து பார்த்த நாலு கால். செத்த பல்லி மாதிரி கிடந்தது. கட்டில் என்றே தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு அவர் எதைச் சொல்வார்?

வேறு வழியில்லை, படித்தாக வேண்டும். முதலில் வெறும் கோடு. இரண்டு புள்ளி வைத்து, ஸ்கேல் இல்லாமல் சேர்க்க வேண்டும். மணிக்கட்டை அசைத்தால் அவர் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிடுவார். தோளிலிருந்து வர வேண்டுமாம். தாள் நிறையக் கோடு போட்டு நீட்டினால், எதையும் அடிக்காமல் ஒரே ஒரு கோட்டை மட்டும் சிவப்பில் வட்டமிடுவார். அந்தக் கோட்டை முறைத்து முறைத்துப் பார்த்தாள். அதைப் போடும்போது பென்சில் முனையைப் பார்க்கவில்லை, போய்ச் சேர வேண்டிய புள்ளியைப் பார்த்திருக்கிறாள். மறுபடி அப்படியே போட்டாள். இரண்டு வட்டம் கிடைத்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளை மெச்சியது அப்போதுதான்.

கோட்டுக்குப் பிறகு பெட்டி. தூரத்து விளிம்பு சின்னதாகத் தெரியும் என்பதை நம்பவே அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று. அவள் வேலை பார்க்கிற கடையில் லீவு முடிந்தது, பால் பொங்கி வழிந்தது, இடுப்பு விண் விண் என்று தெறித்தது. பெட்டி, பெட்டி, பெட்டி. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பெட்டிக்குக் கால் முளைத்துக் கட்டிலானது. அவர் அதைப் பார்த்தார், தான் படுத்திருந்த கட்டிலைப் பார்த்தார், படத்திலிருந்த கட்டில் காலை விரலால் தடவினார்.

உடனே இரண்டு படம் போட்டாள். ஒன்றில் இந்த அறை; கட்டிலில் அவர், குனிந்து தூக்குகிற அவள். இன்னொன்றில் வரிசையாகக் கட்டில்கள். ஒன்றில் அவர், பக்கத்தில் ஒரு நர்ஸ், வாசலைத் தாண்டிப் போகிற அவள்.

“எது? சொல்லுங்க, எது?”

அவர் முதல் படத்தை எடுத்தார். அவளுக்கு உயிர் வந்தது. அவர் ரப்பரைத் தேடி எடுத்து, கட்டிலில் கிடந்த தன்னை மெதுவாக அழித்தார். அழித்த இடத்தில் விட்டுப்போன கட்டில் கோட்டைச் சுத்தமாகச் சேர்த்தார். பிறகு அவளுடைய கூனிய முதுகை அழித்துவிட்டு நேராகப் போட்டார். இரண்டாவது படத்தை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

புரியாமலே இருந்திருக்கலாம் இந்த மனுஷனுக்கு என்று அவள் நினைத்தாள். தானும் கட்டிலைக் கோணலாகவே போட்டுத் தொலைத்திருக்கலாம்.

வாசலில் மணி அடித்தது. இரண்டு தாளையும் பிடுங்கிக் கசக்கி மெத்தைக்கடியில் திணித்தாள்.

“கேட்டீங்களா அண்ணி?”

“கேட்டேன் தம்பி. நீங்க சொன்னதுதான் சரி, அவருக்கு ஒண்ணும் புரியல. எதைக் காட்டினாலும் கோட்டைத்தான் திருத்துறார்.”

“அப்படீன்னா...”

“சொன்ன பேச்சு பேச்சுதான். அவர் காட்டாம நான் அனுப்ப மாட்டேன்.”

வாத்தியார் கண்ணைத் திறந்தார். இடது கை கட்டில் சட்டத்தை அடிக்க ஆரம்பித்தது. டப், டப் என்று விடாமல் அடித்தது.

“அண்ணன் என்னமோ சொல்ற மாதிரி இருக்கே?”

“வலிச்சா அப்படித்தான் தட்டுவார்” என்று சொல்லி, அவள் கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்து அழுத்தினாள். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கை அடங்க ரொம்ப நேரமாயிற்று.