தொண்டையில் வைத்தது

சீனிச்சாமி படியேறியதும் அத்தை முதலில் செய்த காரியம், சுவரில் மாட்டியிருந்த இயேசுநாதர் படத்தைத் திருப்பி வைத்ததுதான். பாஸ்டர் ஐயாவுக்குப் பயந்து கதவையும் சாத்தினாள். ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் முக்காடு போட்டு அழுகிற இன்பம் அம்மாள், மகன் தொண்டையில் மருமகள் வைத்த மருந்தை எடுக்கச் சுந்தரபாண்டியத்திலிருந்து கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் ஆள் வரவழைத்திருக்கிறாள் என்று தெரிந்தால் ஸ்ரீவில்லிபுத்தூரே கைகொட்டிச் சிரிக்காதா? அந்த மருமகள் நான்தான். பரிபூரணம்.

மருந்து என்றால் வசிய மருந்து. புருஷனை முந்தானையில் முடிந்துகொள்ளப் பெண்டாட்டி சோற்றில் கலந்து கொடுப்பாளாம். அது தொண்டையில் ஒட்டிக்கொண்டு வளருமாம். என் வீட்டுக்காரருக்கு ஈஸ்டர் ஆராதனையில் குரல் கம்மியது. கோயிலில் கீர்த்தனை எடுத்துக் கொடுக்கிற ஞானதுரை வாத்தியார் என்றால் ராஜபாளையம் வரைக்கும் தெரியும். அறுப்பின் பண்டிகை வருவதற்குள் அந்தக் குரல் வெறும் காற்றாகிவிட்டது. சோறு இறங்கவில்லை. கஞ்சி பாதி மூக்கு வழியாக வந்தது. பிள்ளை இல்லாமலேயே நாங்கள் இருவரும் சந்தோஷமாக இருந்தது அத்தைக்கு ரொம்ப நாளாக உறுத்தல். இப்போது அதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது, விடுவாளா?

உண்மை எனக்கும் அவருக்கும் தெரியும். மதுரை டாக்டர் சுவரில் தொங்கிய படத்தில் குச்சியை வைத்துக் காட்டினார். கழுத்துக்குள் இரண்டு குழாய். முன்னால் இருப்பது மூச்சுக்கு, பின்னால் இருப்பது சோற்றுக்கு. விழுங்கும்போது மூச்சுக்குழாயை மூடிக்கொள்ள இலை மாதிரி ஒரு மூடி. மூடிக்குக் கீழே இரண்டு மெல்லிய நரம்பு. அவை அதிர்ந்தால்தான் குரல். அந்த இடத்தில் புற்று உட்கார்ந்திருக்கிறது, குரல்வளையையே அறுத்தெடுத்துவிட்டுக் கழுத்தில் ஓட்டை போட்டால் ஒருவேளை பிழைக்கலாம், ஆனால் பேச்சு வராது என்றார். பாடாத தொண்டை எனக்கு எதற்கு என்று இவர் எழுந்து வந்துவிட்டார். திரும்பும் ரயிலில் என் கையைத் தன் தலைமேல் வைத்து, அம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் ஊமையாக இருந்துவிட்டேன்.

சீனிச்சாமி அவரைப் பாயில் மல்லாத்திக் கழுத்தில் விளக்கெண்ணெய் தடவினான். பித்தளைக் குழலை எடுத்து வைத்தான். என் அப்பா மகாராஜபுரத்தில் ஞானஸ்நானம் எடுக்கிறவரைக்கும் இந்தத் தொழில்தான் செய்தார். மயிரும் சாம்பலும் மெழுகும் பிசைந்த உருண்டையைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு போவார், குழலை வைத்து உறிஞ்சுவார், சிரட்டையில் துப்புவார். இவனும் துப்பினால் அன்றைக்கே நான் மூட்டையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். அவர் சாகும்போது பக்கத்தில் இருக்கக்கூட என்னை விடமாட்டார்கள். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

“அண்ணாச்சி, வாயக் கொப்புளிச்சு, செத்த தெறந்து காட்டிட்டு ஆரம்பிங்க” என்றேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். முற்றத்துக்குப் போய் வெற்றிலையோடு சேர்த்து எல்லாவற்றையும் துப்பிவிட்டு வந்தான். உறிஞ்சினான். ஒன்றும் வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், மடச்சி.

அத்தை என் பக்கம் திரும்பினாள். “ஏட்டி, கொப்புளிக்கச் சொல்லணும்னு ஒனக்கு எப்படித் தெரியும்?”

ஆத்திரத்தில் அப்பாவின் தொழிலைச் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் மறைத்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். இது அத்தனையும் ஏமாற்று என்று கத்தினேன். அத்தையின் காதில் ஏமாற்று விழவில்லை, தொழில்தான் விழுந்தது.

“தொழில் தெரிஞ்ச வீடா?” என்றான் சீனிச்சாமி. “அப்ப இது கட்டுப் போட்டு வச்ச மருந்து. எனக்கு வராது. வச்ச கைதான் எடுக்கணும்.” குழலைத் துண்டால் துடைத்து என் முன்னால் வைத்தான். கெட்டிக்காரன், அவன் கடையை நான் மூடினேன், என் வாசலிலேயே திறந்துவிட்டான்.

நான் அவரிடம் போய் முழங்காலிட்டேன். “டாக்டர் சொன்னதச் சொல்லுங்க. ஒங்க வாயால ஒரு தடவ சொல்லிருங்க” என்றேன். அத்தையும் குனிந்தாள்.

அந்தக் காற்றுக் குரல் வந்தது.

“ஏட்டி பரிபூரணம்... நீ வச்சத நீயே எடுத்துரு.”

காது கேட்டதை நெஞ்சு ஒப்பவில்லை. விளையாடுகிறாரா என்று பார்த்தேன். இல்லை. கை கூப்பியிருந்தார். டாக்டர் சொன்னது உண்மையென்றால் அவருக்குச் சாவு, நான் வைத்தது உண்மையென்றால் அவருக்கு உயிர். அவர் உயிரை எடுத்துக்கொண்டார். பாவி மனுஷன், என்னை நம்பித்தான் கேட்டார்.

குழலை எடுத்தேன். கழுத்தில் வைத்து வாயைக் கொடுத்தேன். அவர் எச்சில் விழுங்க முயல, அந்தக் கட்டி குழலுக்கு அடியில் மேலே ஏறி அங்கேயே நின்றது. பல மாதத்துக்குப் பிறகு அவர் முகம் தெளிந்திருந்தது. அத்தை சிரட்டையை என் மோவாய்க்குக் கீழே பிடித்தாள். துப்ப என் கன்னத்துக்குள் உருண்டை எதுவும் இல்லை. நான் உள்கன்னத்துச் சதையைக் கடைவாய்ப் பல்லுக்கு நடுவில் தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு கடித்தேன்.