நான்கு போல்ட்

தம்பி ராஜபாண்டி செத்த இந்த மூன்று மாதமாகச் சுடலை எந்த வண்டியின் ஹேண்டிலையும் தொடவில்லை. பெருமாநல்லூர் பனியன் கம்பெனிக்கு நடந்தே போய் வந்தான். பஸ்ஸில் ஏறிப் பார்த்தான். பிடித்த கம்பி உள்ளங்கைக்குள் மெல்ல உருண்டு முன்னால் சாய்ந்தது. பாதி வழியில் இறங்கிவிட்டான். தம்பி மேல் அவ்வளவு பாசம் என்றார்கள் பார்த்தவர்கள். பாசமாவது மண்ணாவது! பயம்.

வெட்டிய துணி மூட்டையை மொபெட்டில் காலுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே திணித்துத்தான் தையல் நடக்கிற இடத்துக்குக் கொண்டுபோவான் ராஜபாண்டி. மூட்டை வயிற்றை அமுக்குகிறது, முதுகு விட்டுப்போகிறது என்று அன்று காலை புலம்பினான். அண்ணன்காரன்தான் ஸ்பேனரோடு வந்து ஹேண்டிலை இரண்டு விரற்கடை முன்னால் தள்ளி வைத்தான். நான்கு போல்ட்டில் இரண்டை இறுக்குவதற்குள் கம்பெனிச் சங்கு ஊதிவிட்டது. "மிச்சத்தச் சாயங்காலம் பாப்பம்ல, போ" என்று சுடலை வேலைக்கு ஓடினான். சாயங்காலம் பிணம்தான் வந்தது. வளைவில் லாரி அடித்ததாம். ஊரே லாரிக்காரனைக் கரித்துக் கொட்டியது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பழுது பார்த்த மொபெட் இப்போது வாசலில் நிற்கிறது. தம்பி பெண்டாட்டி வேல்விழி ஸ்பேனரை நீட்டினாள்.

"நாளையிலருந்து மூட்டைய நானே கொண்டு போறேன் அத்தான். எனக்குக் கை எட்டல, ஹேண்டில இங்கிட்டு இழுத்து வைங்க. மெக்கானிக்க நம்ப மாட்டேன். ஒங்க கையாலயே இறுக்குங்க."

சுடலை உட்கார்ந்து போல்ட்டுகளைத் தளர்த்தினான். ஹேண்டில் தானாக முன்னால் சரிந்து, தம்பிக்கு வைத்த அதே இடத்தில் நின்றது. இழுத்தான். மறுபடியும் போனது. எதிரே நின்று யாரோ இழுக்கிறார்கள். ஸ்பேனர் கைநழுவி விழுந்தது.

"நாந்தான் கொன்னேன் தாயி. அன்னைக்கு ரெண்டு போல்ட்ட இறுக்காம விட்டுட்டேன்."

அவள் அழவில்லை.

"தெரியும். ஹேண்டில் ஆடுது, இறுக்கிட்டுப் போறேன்னு அவிய வாசல்லயே சொன்னாவ. சரக்குக்கு நேரமாச்சு, போங்கன்னு முடுக்குனது நாந்தான் அத்தான்."

சுடலை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்பேனரை எடுத்தான். அவள் இரண்டு கையாலும் ஹேண்டிலைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நான்கையும் இறுக்கினான். முதலிலிருந்து மறுபடி இறுக்கினான்.

"விட்டுரட்டுமா?" என்றாள் வேல்விழி.

"இன்னும் ஒரு சுத்து, பிடிச்சுக்கோ."

போல்ட் அதற்குமேல் திரும்பாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.